அடிவிலை

அக்காள் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தும் தம்பி, கை கழுவியதும் கணக்கைத் தொடங்கினான். மறுநாள் ஒரு செருப்புக் கம்பெனியில் விலை பேச வேண்டும். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

“அத்தான்கிட்ட ஒளிக்காம சொல்லுடா. வேலை போய் வீட்டுல இருந்தாலும் கணக்குல அவர் புலி,” என்றாள் அக்காள்.

“அட்டை, பசை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து, பெட்டிக்குப் பதினஞ்சு அடக்கம் அத்தான்.”

“வாடகையை உன் மாமனாரா கட்டறார்?”

தம்பி சிரித்துவிட்டான். “அப்போ பதினாறு. அதுக்குக் கீழே போனா கையைக் கடிக்கும்.”

“உன் சம்பளம்?”

“அதைச் சேர்க்கலை. இருபதுல ஆரம்பிச்சுப் பதினெட்டுல முடிச்சா, நானும் சோறு தின்னலாம்.”

“சரியான கணக்கு மச்சான். பதினாறைப் பத்தி வெளியே மூச்சு விடாதே.”

மறுநாள் கம்பெனியின் கொள்முதல் அறைக்குள் நுழைந்த தம்பி, வாசலிலேயே நின்றுவிட்டான். மேலாளர் நாற்காலியில் அத்தான் அமர்ந்திருந்தார்.

“பெட்டிக்குப் பதினாறு. அதுக்கு மேலே ஒரு காசு தர முடியாது,” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

“வேலை எப்போ கிடைச்சுது அத்தான்?”

“போன வாரம். முதல் பேரத்திலேயே லாபம் காட்டினாத்தான் நிரந்தரமாம்.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ பதினாறைச் சொல்லியிருப்பியா?”

“அக்காவுக்கு இது தெரிஞ்சா தாங்கமாட்டா அத்தான்.”

அத்தான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்து உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டது யாரு மச்சான்?”