மான் தோட்டா

காட்டெருமையைச் சுட்டவர் எஸ்டேட் முதலாளி ரத்தினவேலு. வயிற்றில் குண்டு பட்டு அது புதருக்குள் ஓடியது. செத்துவிட்டதா என்று பார்த்து வரும்படி, வழிகாட்ட வந்த மாசாணியை உள்ளே அனுப்பினார். மாசாணியைக் கம்பளியில் சுற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி பொம்மி நேராகப் பங்களாவுக்குள் வந்தாள். சுவரில் இரண்டு துப்பாக்கிகள் மாட்டியிருந்தன.

“எதால சுட்டீங்க?”

அவர் சிறியதைக் காட்டினார். அதன் தோட்டா சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

“அது மான் சுடறதுல்ல? அவ்ளோ பெரிய மாட்டை அது என்ன பண்ணும்?”

“பெருசு தோள்ல ஒதைக்கும், பொம்மி. போன தடவை சுட்டுட்டு நாலு நாள் கையத் தூக்க முடியல.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

“உனக்கு என்ன வேணும்னாலும் செய்றேன்” என்றார்.

அவள் பெரிய துப்பாக்கியைக் கழற்றி அவர் மடியில் போட்டாள்.

“மாடு இன்னும் சாகல. அது முனகுறது எங்க குடிசை வரைக்கும் கேக்குது. எந்திரிங்க.”

“ஆளுங்கள அனுப்புறேன்...”

“இன்னொருத்தியும் தாலி அறுக்கணுமா?”

அவர் எழுந்தார்.

புதர் ஓரத்து இலைகளில் ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே ஏதோ கனமாக மூச்சு விட்டது. அவர் நின்று திரும்பிப் பார்த்தார். பொம்மி ஒற்றையடிப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“போங்க” என்றாள்.