மூன்றாவது அழைப்பு

கேஸ் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி வக்கீல் கவிநிலா கோர்ட் படிகளில் தடதடவென இறங்கி ஓடுகிறாள். நாளை முதல் கோடை விடுமுறை என்பதால் வளாகமெங்கும் திருவிழாக் கூட்டம். மாடி வராந்தாவில் டவாலி இரண்டாம் முறையாகக் கூவுகிறார்: "வளவன்... இனியா..." மூன்றாவது அழைப்புக்கும் வராவிட்டால், இருவரும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனு தள்ளுபடி. கேன்டீன் பெஞ்சில், வேப்பமரத்து வெயில் புள்ளிகளுக்கடியில், வளவன் டீயை ஆற்றி நீட்டுகிறான். "சக்கரை ஜாஸ்தி," இனியா முறைக்கிறாள். "உனக்கு வாய் ஜாஸ்தி." மேலே மூன்றாவது குரலும் ஓய்கிறது. மலையிலிருந்து இறங்கும் காற்று வேப்பம்பூவை உதிர்க்கிறது. கவிநிலா மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். "என்னங்க, கூப்பிட்டது காதுலயே விழலையா?" இனியா டம்ளருக்குள் சிரிக்கிறாள். "நல்லாவே விழுந்துச்சுங்க மேடம். மூணு தடவையும்."