சர்க்கரை போடாத டீ

செங்கம் சாலை டீக்கடை பெஞ்சில், இரத்தப் பரிசோதனைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு நசீம் பானு உட்கார்ந்திருக்கிறாள். இளவெயில் இன்னும் மலையின் பாதிக்குத்தான் இறங்கியிருக்கிறது. அவள் முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி. "நூத்திப் பதினெட்டு, பார்டர்தாம்மா. மாத்திரைகூட வேணாம், இனிப்ப மட்டும் கம்மி பண்ணுங்கனு டாக்டர் சொல்லிட்டாரு," என்கிறாள் மகள் ஃபரா. நசீம் பானு தாளை நாலாக மடிக்கிறாள். சர்க்கரை நோயில் முதலில் காலையும் பிறகு உயிரையும் விட்ட கணவர் மஸ்தான் போய் எட்டு மாதம் ஆகிறது. "சக்கர கம்மியாவா?" என்று கேட்கிறார் டீக்காரர். "போடவே வேணாங்கண்ணா." ஆவி பறக்கும் கிளாஸை வாங்கி ஒரு வாய் உறிஞ்சுகிறாள். துவர்ப்பு நாக்கிலேயே தங்கிவிடுகிறது. மஸ்தானின் கடைசி வாரத்தில் ஒரு நாள், "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சக்கர போடு பானு" என்று அவர் கேட்டார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று இதே மாதிரி டீயைத்தான் அவர் கையில் கொடுத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். "பிடிக்கலன்னா வச்சிடும்மா," என்கிறாள் ஃபரா. நசீம் பானு கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். "ஏழு வருஷம் எப்படித்தான் குடிச்சாரோ உங்க அத்தா," என்கிறாள், மெல்ல.