சொல்லாமல் கிளம்புகிறவர்

சாவுச் செய்தி சொல்ல மாணவர்கள் பழகும் அறையில் இன்று ராசாத்தாளின் மகன் இறந்துபோயிருக்கிறான். காரமடையிலிருந்து பஸ் ஏறி வந்து, நோயாளியாகவும் நோயாளியின் சொந்தமாகவும் நடித்துக் கொடுப்பது அவருக்கு வேலை. எதிரே பயிற்சி மருத்துவன் மிதுன். சொல்லிக் கொடுத்தபடியே நாற்காலியை அருகே இழுத்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, சுற்றி வளைக்காமல் சொல்கிறான்: “எங்களால காப்பாத்த முடியலீங்கம்மா. உங்க பையன் இறந்துட்டாருங்க.” ராசாத்தாள் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடியும் சுற்றுகிறார். பின்னால் நிற்கும் பேராசிரியை புவனா, “போதும் மிதுன், நல்லாச் சொன்னே,” என்கிறார். நடிப்புக்காக மங்கலாக்கியிருந்த விளக்குகள் எல்லாம் மறுபடி எரிகின்றன. ராசாத்தாள் ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு எழுகிறார். வயிற்றுவலியோ மாரடைப்போ, எந்த வேஷம் கட்டினாலும் “வாரேனுங்க கண்ணு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர், இன்று யாரையும் பார்க்காமல் கதவை நோக்கி நடக்கிறார். மிதுனுக்கு என்னவோ போலிருக்கிறது. “போயிட்டு வாங்கம்மா,” என்கிறான். கதவில் வைத்த கை அப்படியே நிற்கிறது. “எழவு ஊட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுங்க கண்ணு,” என்கிறார், திரும்பாமல். கதவு சாத்திக்கொள்கிறது. நாளைக்கு மிதுனுக்கு விபத்துப் பிரிவில் முதல் நாள். அடுத்துப் பழக வரும் மாணவர் யார் என்று புவனா கேட்பது எங்கோ கேட்கிறது. ராசாத்தாள் உட்கார்ந்திருந்த நாற்காலி மெத்தையில் விழுந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறது. அது சமமாகும்வரை மிதுனால் எழ முடியவில்லை.