சடையனின் மணிக்கட்டு

கோப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் இந்த வருஷம் வெயில் மட்டுமே கிடக்கிறது. தெல்தெனியவுக்கு மேலே, மலைச்சரிவு முழுக்க இலைநோய் விழுந்த மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. களத்தின் ஒரு கோடியில் பேச்சி பத்து மரக்கட்டைகளை முக்கோணமாக நிறுத்துகிறாள். மறுகோடியில் அவள் புருஷன் சடையன் மரப்பந்தோடு குனிகிறான். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் இந்த ஆட்டத்தில் நாளைக்குத் துரையோடு ஆட ஓர் ஆள் வேண்டும். நேராக உருட்டுகிறவன் பெண்டாட்டியோடு பங்களாவில் தங்கலாம், மற்றவர்கள் ஊர் திரும்பக் கப்பலேற மன்னார் வரை நடக்க வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். நிறைமாத வயிற்றோடு அவளால் அந்தக் காட்டுப்பாதையைக் கடக்க முடியாது.

“மாமா, கட்டையப் பாக்காதீங்க. நடுவுல எல போட்டிருக்கேன், அதப் பாத்து விடுங்க.”

பந்து இலையைத் தொடுகிறது, பிறகு இடப்பக்கம் வளைந்து களத்தோர வாய்க்காலில் விழுகிறது. மறுபடியும் அப்படியே.

“தோட்டமே சாஞ்சு போச்சு. பந்து மட்டும் நேரா போகுமாக்கும்!” என்று அவன் சிரிக்கப் பார்க்கிறான்.

அடுத்த முறை அவள் பந்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்க்கிறாள். பந்தை விடும் கணத்தில் மணிக்கட்டு வெடுக்கென்று உள்ளே திரும்புகிறது. கிளையிலிருந்து கோப்பிப்பழத்தைத் திருகி எடுக்கும் திருப்பு அது.

“கையத் திருப்பாதீங்க.”

“நா எங்க புள்ள திருப்புறேன்?”

அவனுக்குத் தெரியவில்லை. மலையில் ஒரு பழம்கூட இல்லை. கை மட்டும் பறித்துக்கொண்டே இருக்கிறது. பந்து மீண்டும் வாய்க்காலுக்குப் போகிறது. எதுவும் விழாததால் நிமிர்த்தி வைக்கவும் ஒன்றுமில்லை. பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.