பாட்டுக் கேட்ட திராட்சை

“எம்பி3 பாட்டைக் கேட்டா என் திராட்சை புளிச்சுப்போகும் மாப்ளே” என்றார் சின்னச்சாமி, பந்தலுக்கடியில் நின்றபடி. “போன தடவை ஒருத்தன் செல்போனைப் பாடவிட்டுக்கிட்டு இந்த வழியா நடந்துதான் போனான். நாலு கொத்து சுருங்கிருச்சு.”

மருமகன் மதன்குமார் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். அல்லிநகரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். பாட்டு ஏற்றித் தருவதில்தான் அவனுக்குப் பாதிப் பிழைப்பு.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து சின்னச்சாமிக்கு இரண்டே தொழில். அனுமந்தன்பட்டியில் ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை வளர்ப்பது, அதற்குப் பாட்டுப் போடுவது. கிழக்குப் பந்தலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, மேற்குப் பந்தலில் ஒன்று, தனித்தனி பென்டிரைவ். எல்லாம் சிடியிலிருந்து சுருக்காமல் எடுத்த பாட்டு. ஒவ்வொன்றும் ஐம்பது எம்பி இடத்தைத் தின்னும்.

“எண்பது பாட்டுலயே பென்டிரைவ் ரொம்பிருது மாமா. நான் எம்பி3யாச் சுருக்கித் தாரேன், ஆயிரம் பாட்டு கெடக்கும். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.”

“உங்க காதுக்குத் தெரியாது. நான் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னாக்கூடக் கண்டுபிடிச்சிருவேன். கரும்பைப் பிழிஞ்சு சாறைக் கீழ ஊத்திட்டு சக்கையைத் தர்றீக.”

“பழம் புளிச்சா என்ன செய்வீக?”

“இந்த அறுப்புல ஒரு பழம் புளிச்சாலும் ரெண்டு பெட்டியையும் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுர்றேன். அதோட பாட்டே கெடையாது.”

மனைவி மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெட்டிகளை அவர் பெற்ற பிள்ளையைப் போலத் துடைப்பது அவளுக்குத்தான் தெரியும்.

மூன்று மாதத்தில் பழம் கறுத்தது. சின்னச்சாமி காலையும் மாலையும் இரண்டு பந்தலுக்கும் நடந்து, கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு வந்தார். களையெடுக்க வந்த பாண்டியம்மாள் மட்டும் மேற்குப் பந்தலை விட்டு அசையவில்லை.

“கெழக்க பாடுனதையே பாடுது. இங்கன புதுசு புதுசா வருதுல்ல” என்றாள்.

“ஒரிஜினல் பாட்டு அப்படித்தான் ஆத்தா. நூறு தடவை கேட்டாலும் புதுசாத்தான் தெரியும்” என்று பூரித்துப்போனார் சின்னச்சாமி.

அறுப்பன்று வியாபாரி தங்கபாண்டி கிழக்குப் பந்தலில் ஒரு பழத்தை வாயில் போட்டார். சொக்கிப்போய் இரண்டு கண்ணையும் மூடினார். மேற்குப் பந்தலில் ஒன்றைப் போட்டார். ஒரு கண் மட்டும் மூடியது.

“புளிக்குதுண்ணே.”

சின்னச்சாமியும் ஒன்றைத் தின்றார். செத்தவனை எழுப்பி உட்காரவைக்கும் புளிப்பு.

“இந்தப் பக்கம் மழை கொஞ்சம் கூட அடிச்சிருக்கும்ணே” என்று தங்கபாண்டி ஒரு வழி காட்டினார்.

“மழை மேல எதுக்குப் பழி? ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி, ஒரே உரம், ஒரே வெயிலு. சொன்ன சொல்லுன்னா சொன்னதுதான்.”

மேற்குப் பெட்டி மாட்டியிருந்த கல்தூணில் ஏணியைச் சாத்தி, ஸ்க்ரூடிரைவரோடு ஏறினார். மாயக்காள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

மதன்குமார் முகத்தில் ஜெயித்த களையைக் காணோம். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தவன், திடீரென்று ஓடிவந்து ஏணியைப் பிடித்தான்.

“கழட்டாதீக மாமா. இந்தப் பெட்டியில மூணு மாசமா ஓடுனது நான் மாத்தி வச்ச எம்பி3.”

ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. “இங்கனயா? தெனம் ரெண்டு வேளை நின்னு கேட்டேனே மாப்ளே.”

“உங்களுக்குத் தெரியல மாமா. திராட்சைக்குத் தெரிஞ்சுபோச்சு.”