ஒரு சாண்

விதைக்காக வளர்க்கும் மக்காச்சோளத்தின் உச்சிப் பூவை ஒடிப்பது பெரிய வித்தையில்லை. கோடை லீவுக்கு வேலைக்கு வந்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மிச்சக் காலைப்பொழுது முழுக்க, ஆட்களை மேய்க்கும் மயிலாத்தாள் அவர்களை விழுவதற்குத்தான் பழக்கினாள். பக்கத்தில் பயிர் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது.

“வெயில்ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்தா வரப்பைப் பார்த்து ஓடோணும். முடியலைன்னா வரப்புப் பக்கமா விழோணும். ஒரு கையாவது வெளிய தெரியோணும்.”

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தரிசு மண்ணில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கை வரப்பை எட்டாதவர்களை எழுப்பி மறுபடி விழச் சொன்னாள். செவ்வந்தி என்ற பெண்ணுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் குறைந்தது.

“இத்தனை கிட்டக் கெடந்தா யாராச்சும் பார்த்துர மாட்டாங்களாக்கா?” என்றாள் அவள், படுத்தபடியே.

மயிலாத்தாள் மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மூடியிருந்த விரல்களை வரப்பின்மேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள்.

“போன வருசம் ஒரு புள்ளை வரப்புக்கு ஒரு சாண் உள்ளதான் செத்துக் கெடந்துச்சு. அந்த வரப்பு மேலதான் கண்ணு நான் உக்காந்து சோறு உண்டேன்.”